குறைவது நேரமா, தெம்பா?

"நேரம் கிடைக்கவில்லை" என்னும் சொல்லைப் போல நம் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் சொல் வேறொன்றும் இல்லை. உறவினருக்குக் கடிதம் எழுதாதவரும், பாடத்தைப் படித்து முடிக்காத மாணவரும், ஒழுகும் கூரையைச் செப்பனிடாத குடும்பத் தலைவரும் இச்சொல்லிலேயே அடைக்கலம் புகுகின்றனர். இதே வீடுகளில் சற்றுத் தாழ்ந்த குரலில் ஒலிக்கும் இன்னொரு சொல்லும் உண்டு. "உடம்பில் தெம்பில்லை" என்பதே அது. முதற் சொல்லை நாம் பெருமிதத்தோடு கூறுகிறோம். இரண்டாவதைக் கூற நாணுகிறோம். நேரமில்லாதவர் பெரிய மனிதர், தெம்பில்லாதவர் சோம்பேறி என்று உலகம் எண்ணிப் பழகிவிட்டதே இதற்குக் காரணம்.

உண்மையில் மனிதர் செய்யக்கூடிய வேலைக்கு எல்லை வகுப்பது எது? கடிகாரமா, உடலின் வலுவா? இவ்வினாவைச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து ஆராய்வதிலும், வேலையை அன்றாடம் எண்ணியும் நிறுத்தும் பார்க்கின்ற ஓரிடத்துக்கு எடுத்துச் சென்று ஆராய்வதே பொருத்தமாகும். அத்தகைய இடம் நம் நாட்டிலேயே இருக்கிறது.

நிறுத்துப் பார்க்கும் வாழ்வு

சப்ரகமுவ மாகாணம் இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களால் ஆனது. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை முதலிய பகுதிகளின் உயர்ந்த சரிவுகளில் தேயிலை தழைக்கிறது. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்ற, றுவான்வெல்ல முதலிய தாழ்ந்த மேடுகளில் இறப்பர் மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. மலையகம் என்றதும் நுவரெலியாவையும் ஹற்றனையும் மட்டுமே நினைப்பவர்கள், களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் உழைத்து வருவதை மறந்துவிடுகின்றனர்.

இத்தோட்டங்களில் ஒரு நாள் வேலைக்குப் "பேர்" என்று பெயர். காலைப் பிரட்டுக்கு வந்து, மாலை வரை மலையில் நின்று, குறித்த அளவு கொழுந்தைக் கொடுத்தால் ஒரு பேர் விழும். அளவு குறைந்தால் சில தோட்டங்களில் அரைப்பேர்தான். அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். 16 கிலோ என்பர், 18 என்பர், 20 என்பர். அதற்கு மேற் பறித்தால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு.

இந்தப் பேர் என்னும் கணக்கைச் சற்றே உற்று நோக்குவோம். வெளிப்பார்வைக்கு அது நேரத்தின் விலை. ஒரு நாட் சம்பளம். உள்ளே பார்த்தாலோ அது தெம்பின் விலை. இத்தனை கிலோவின் சம்பளம். ஒரே நிரையில், ஒரே வெயிலில், ஒரே எட்டு மணித்தியாலம் நின்ற இரு பெண்களுள் ஒருத்திக்கு முழுப்பேரும் மற்றவளுக்கு அரைப்பேரும் விழக்கூடும். இருவருக்கும் நேரம் ஒன்றுதான். பின் எது குறைந்தது? கை குறைந்ததா? மனம் குறைந்ததா? அல்லது வேறேதேனும் குறைந்ததா? விடை காணுமுன், அதே மாகாணத்தின் இறப்பர் மரத்தடியில் சிறிது நின்று வருவோம்.

மரம் வகுத்த அட்டவணை

இறப்பர்ப் பால் வெட்டுபவருக்கு வேலை நேரத்தைக் குறிப்பவர் துரையுமல்லர், கணக்கப்பிள்ளையுமல்லர், மரமே குறிக்கிறது. இராப்பொழுதில் மரத்தின் நீரிழப்பு குறைந்திருப்பதால் பட்டையிலுள்ள பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கும். விடியலில் வெட்டினாற் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலைகள் நீரை வெளிவிட, அழுத்தம் தணிந்து ஓட்டம் குறையும். ஆதலால் மற்றவர் போர்வைக்குள் இருக்கும் வேளையிலேயே வெட்டுக் கத்தியோடும் வாளியோடும் புறப்பட வேண்டியிருக்கிறது. இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் வெட்டு இல்லை. நாட்டிலேயே மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் ஒன்றான இரத்தினபுரிப் பக்கத்தில் இது சிறிய இடையூறன்று.

ஒருவருக்கு ஏறத்தாழ 300 மரங்கள் என்று வைத்துக்கொள்வோம். அவற்றை மூன்றரை மணித்தியாலத்தில் வெட்டி முடிக்க வேண்டுமாயின், மரம் ஒன்றுக்கு 42 விநாடிகளே கிடைக்கும். அதற்குள் ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்கு நடந்து, பழைய வெட்டில் உலர்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்து, சாய்வான கோட்டில் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்து, சிரட்டையை நேர்படுத்த வேண்டும். சீவலின் தடிப்பு ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீற்றர்தான். அதிக பாற்குழாய்கள் பட்டையின் உட்புறத்திலேயே இருப்பதால் மேலோடு வெட்டினாற் பால் குறையும். ஒரு மயிரிழை ஆழமாகப் போனாலோ உள்ளிருக்கும் வளர்படை காயப்பட்டு, புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். வெட்டு முடிந்ததும் அதே மரங்களைச் சுற்றி வந்து பாலைச் சேர்த்து, நிறைந்த வாளியைச் சரிவில் சுமந்து செல்ல வேண்டும்.

இங்கே நேரம் நிச்சயமாக ஓர் எல்லையாகும். விடியலை நீட்ட எவராலும் இயலாது. ஆயினும், அந்த 42 விநாடிகளுக்குள் கத்தி ஒழுங்காக இறங்குவதும் வழுக்கி ஆழப்படுவதும் கையின் தெம்பைப் பொறுத்தவை. களைத்த கை பாலைக் குறைப்பதோடு நில்லாமல் மரத்தையும் காயப்படுத்துகிறது.

மரத்தைப் பற்றிய இன்னோர் உண்மை நம் சிந்தனைக்கு மிகவும் உரியது. பால் வெட்டுவதில் ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விடுவது நெடுங்கால வழக்கம். ஏன்? வடிந்த பாலை மரம் மீண்டும் உண்டாக்குவதற்குக் காலம் வேண்டும். ஆசை மிகுந்து இடைவிடாது வெட்டினால் சில மரங்களின் வெட்டுமுகம் வறண்டு, பால் அறவே நின்றுவிடும். ஆகவே எந்தத் தோட்டத்திலும், "இம்மரம் நேற்றுத் தந்ததை இன்று தர மறுக்கிறது, இது சோம்பல் மரம்" என்று எவரும் சொல்வதில்லை. மரத்தின் தெம்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கேற்பக் கால அட்டவணையை வகுத்திருக்கின்றனர். மரத்துக்குக் காட்டிய இந்த நியாயத்தை மனிதருக்கும் காட்டினோமா என்பதே கேள்வி.

குருதியிற் குறைந்த வலு

தோட்டத் தொழிலாளரின் களைப்புக்கு நோயும் ஒரு காரணம் என்பதை இலங்கை அறிந்து நெடுங்காலமாகிறது. அமெரிக்காவின் றொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவில் 1916ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களிற் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பெற்றது. வெறுங்காலோடு ஈர மண்ணில் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் இப்புழு, குடலில் ஒட்டிக்கொண்டு நாள்தோறும் சிறிது சிறிதாக இரத்தத்தைக் குடிக்கும். நோயாளி படுக்கையில் விழுவதில்லை; நடமாடுவார், பிரட்டுக்கு வருவார், மலைக்கும் போவார். ஆனால் மேடேறினால் மூச்சு வாங்கும். நிரையிற் பின்தங்குவார். கங்காணியின் கண்ணுக்கு அவர் சோம்பேறி. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினாலும், மலசலகூடம் இல்லாத லயங்களில் அது மீண்டும் மீண்டும் தொற்றியது. மருந்தோடு சுகாதார வசதியும் சேர்ந்தாலன்றிப் பயனில்லை என்பதை அந்த இயக்கம் கற்பித்தது.

அடுத்த பாடத்தைக் கேகாலை மாவட்டமே புகட்டியது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்க, நுளம்பு பெருகி மலேரியாக் காய்ச்சல் மூண்டது. 1934–35இன் அக்கொள்ளை நோயில் நாடெங்கும் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இளைஞர்கள் அங்கே நிவாரணப் பணிக்குச் சென்றனர். காய்ச்சலுக்குக் கொயினா மருந்து மட்டும் போதாது, வற்றிய உடலுக்கு உணவும் வேண்டும் என்பதை அவர்கள் கண்டனர். கலாநிதி என். எம். பெரேரா பருப்பு வழங்கியதனால் "பருப்பு மாத்தயா" என்றே மக்களால் அழைக்கப்பட்டார். மதுபான நொதியிலிருந்து செய்யப்படும் மார்மைற் என்னும் சத்துப் பொருளும் அங்கே பயன்பட்டது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, பம்பாயில் ஆலைத் தொழில் செய்த கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை அதே பொருள் தணிப்பதை லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி கண்டறிந்திருந்தார். காய்ச்சல் தணிந்தவரை மண்வெட்டி பிடிக்க வைத்தது அறிவுரையன்று, ஆகாரமே.

இவ்வளவும் அனுபவம் கூறியவை. அளந்து பார்த்த சான்று 1979ஆம் ஆண்டில் வெளிவந்தது. இலங்கையின் தேயிலைத் தோட்டமொன்றில் எட்ஜர்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளரும், நம் நாட்டு மருத்துவர் சேனவிரத்ன உள்ளிட்ட குழுவினரும் ஓர் ஆராய்ச்சி நடத்தினர். கொழுந்து பறிப்பவர்களில் ஒரு சாராருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மற்றொரு சாராருக்குப் பார்வைக்கு ஒத்த வெறும் மாத்திரையும் கொடுத்தனர். ஒரு மாதத்தின் பின் கொழுந்தை நிறுத்துப் பார்த்தபோது, இரும்புச்சத்தால் இரத்தத்தின் ஹீமோகுளோபின் உயர்ந்தவர்கள் கூடுதலாகப் பறித்திருந்தனர். 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 6 முதல் 9 கிராம் வரை மட்டுமே ஹீமோகுளோபின் இருந்தவர்களிடமே முன்னேற்றம் மிகுதியாகத் தெரிந்தது. சுகதேகியான ஒரு பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்க.

அந்த ஆராய்ச்சியில் நம்மை மிகவும் கவர்வது வேறொரு செய்தி. தொழிலாளரின் உடலசைவை மலையில் மட்டுமன்றி, அன்றாட வாழ்விலும், சிலருக்கு இருபத்துநான்கு மணித்தியாலமும் தொடர்ந்து பதிவு செய்தனர். இரும்புச்சத்து பெற்றவர்களின் நடமாட்டம் மூன்று கிழமைகளிலேயே அதிகரித்திருந்தது. எவரும் அவர்களை விரட்டவில்லை. அவர்களுடைய நாளும் நீளவில்லை. உடலே தானாக எழுந்து நடமாடிற்று. "சோம்பல்" என்று நாம் பெயரிட்டதன் ஒரு பகுதி, இரத்தத்தில் இல்லாத சில கிராம் ஹீமோகுளோபினாக இருந்தது.

அதே 1979இல் யாவாத் தீவின் இறப்பர்த் தோட்டத்திலிருந்தும் இதை ஒத்த செய்தி வந்தது. இரத்தசோகையில்லாத பால் வெட்டுவோர், சோகையுற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் பால் சேர்த்தனர். 60 நாட்கள் இரும்புச்சத்து கொடுத்தபின் சோகையுற்றவர்களின் உழைப்பும் உயர்ந்தது. ஆராய்ச்சிக்கு வந்தவர்களுக்கு அன்றாடம் கொடுத்த சில்லறைக் காசைக் கொண்டு அவர்கள் கீரை முதலியவற்றைக் கூடுதலாக வாங்கி உண்டனர் என்றும், அதனால் வெறும் மாத்திரை பெற்றவர்களிடங்கூடச் சிறிது முன்னேற்றம் தென்பட்டது என்றும் ஆய்வாளர் எழுதினர். சில காசு கீரையாகி, கீரை குருதியாகி, குருதி பாலாகி வாளியை நிறைத்த கதை இது.

கூட்டிய மணியும் கூடாத பயனும்

தெம்புக்கு எல்லை உண்டு என்றால், சுகதேகிகளுக்கும் அது உண்டா? உண்டு. முதலாம் உலகப் போரின்போது பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் கிழமைக்கு 70 மணித்தியாலம் வரையில் உழைத்தனர். அவர்களது களைப்பை ஆராய அரசாங்கம் 1915இல் ஒரு குழுவை நியமித்தது. அக்குழு திரட்டிய கணக்குகளை ஜோன் பென்காவல் என்னும் பொருளியலறிஞர் ஒரு நூற்றாண்டு கழித்து, 2014இல், மீண்டும் ஆராய்ந்தார். 70 மணித்தியாலம் உழைத்த கிழமையின் உற்பத்தி, 56 மணித்தியாலம் உழைத்த கிழமையின் உற்பத்தியிலிருந்து அதிகம் வேறுபடவில்லை என்பதே அவர் கண்ட முடிவு. கூட்டிய 14 மணித்தியாலமும் ஏறத்தாழ வீண். ஞாயிறு ஓய்வைப் பறித்ததும் உற்பத்திக்குத் தீங்கே விளைத்தது.

உடல் நூலாரும் இதற்கு ஒரு காரணம் கூறுகின்றனர். 2015இல் அமெரிக்காவை ஒரு கரையிலிருந்து மறு கரை வரை மாதக்கணக்கில் ஓடிக் கடந்தவர்களின் சக்திச் செலவை ஆராய்ந்து, 2019இல் ஒரு முடிவை வெளியிட்டனர். சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியின் இரண்டரை மடங்குக்கு அப்பால் எவராலும் நெடுநாள் தாக்குப்பிடிக்க இயலாது என்பதே அது. அதற்கு மேற் செலவிட்டால் உடல் தன் சேமிப்பையே கரைக்கிறது. கர்ப்பிணித் தாயின் உச்சச் செலவும் இந்த எல்லைக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது என்றும் அவர்கள் கூறினர். அப்படியாயின், சுமந்த வயிற்றோடு கொழுந்துக் கூடையையும் சுமந்து மேடேறும் பெண்ணின் கணக்கு என்னவாகும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்ப்பார்களாக.

இரண்டாவது பிரட்டு

இதுவரை கூறியவற்றால், எல்லாம் தெம்பே, நேரம் ஒன்றுமில்லை என்று எவரும் கருதிவிடலாகாது. நல்ல இரத்தமும் உரம் வாய்ந்த கைகளும் உடைய ஒரு பெண்ணையே எடுத்துக்கொள்வோம். அவள் விடியுமுன் எழுகிறாள். அடுப்பு மூட்டி, காலைக்கும் பகலுக்கும் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, தண்ணீர் எடுத்து, மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கு ஆயத்தப்படுத்தி, இளைய பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுகிறாள். மாலையிற் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்போது விறகும் தலையில் வருகிறது. வீட்டு வாசலில் அவளுக்கு இரண்டாவது பிரட்டு காத்திருக்கிறது. சமையல், துவையல், பிள்ளையின் காய்ச்சல், மாமியாரின் கால்வலி எல்லாம் முடிந்து, வீட்டில் கடைசியாகப் படுப்பவளும் அவளே. பால் வெட்டும் பெண்ணுக்கோ அடுப்பும் மரமும் விடியலின் அதே மணித்தியாலத்தைக் கேட்கின்றன. ஒருவர் ஒரே வேளையில் ஈரிடத்தில் நிற்பதற்கு எந்த மாத்திரையும் உதவாது.

இது தோட்டத்துப் பெண்ணின் குறை மட்டுமன்று. குடிசன மதிப்பீட்டுப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்விலும், ஊதியமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்களே ஆண்களைவிட மிகுந்த நேரம் செலவிடுவது தெரியவந்தது. ஆனால் தோட்டத்தில் அந்த நேரத்தின் விலை நெடுங்காலம் குறைத்தே மதிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்கீழ் 1929இல் வகுத்த விகிதப்படி, தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது 1984இலேயே.

இங்கேதான் நேரமும் தெம்பும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் காண்கிறோம். தெம்பு என்பது வானிலிருந்து விழுவதன்று. உண்ணவும் உறங்கவும் ஆறவும் கிடைக்கும் நேரத்திலே ஊறுவது. அந்த நேரம் பறிபோனால் தெம்பு ஊற வழியில்லை. தெம்பு குறைந்தால் ஒரு மணித்தியால வேலை ஒன்றரை மணித்தியாலமாகிறது. அதனால் மேலும் நேரம் போகிறது. கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று வளரும் கணக்கைப் போன்றதே இதுவும்.

மாணவருக்கு ஒரு சொல்

பரீட்சை நெருங்கும்போது இரவு முழுவதும் விழித்திருப்பதை ஒரு வீரமாகக் கருதும் மாணவர் பலர் உளர். "மனவுறுதி இருந்தால் போதும்" என்று பெரியோரும் அவர்களை ஊக்குவிப்பர். மனவுறுதி எண்ணெய் போலச் செலவழிந்து தீரும் பொருளா என்பது பற்றி அறிஞரிடையே பெரிய வாதமே நடந்திருக்கிறது. 1998இல் பாமைஸ்டர் என்னும் உளவியலறிஞர், இனிப்பை உண்ணாது தம்மை அடக்கிக்கொண்டவர்கள் அடுத்து வந்த கடினமான புதிரை விரைவிற் கைவிட்டதைக் காட்டி, மனவுறுதியும் தீரக்கூடியதே என்றார். ஆனால் 2016இல் 23 ஆய்வுகூடங்களில் 2,000க்கும் மேற்பட்டவரை வைத்து இக்கருத்தைச் சோதித்தபோது அவ்விளைவு தென்படவில்லை. ஆகவே, "என் மனவுறுதி தீர்ந்துவிட்டது" என்று புத்தகத்தை மூடிவிடுவதற்கு விஞ்ஞானத்தைத் துணைக்கழைக்க வேண்டாம்.

உறக்கத்தின் கதை வேறு. 1924இலேயே ஜென்கின்ஸ், டலன்பாக் என்னும் இருவர், மனனம் செய்தபின் விழித்திருந்தவர்களைவிட உறங்கியவர்கள் குறைவாகவே மறந்தனர் என்பதைக் காட்டினர். பின்வந்த ஆராய்ச்சிகளும் உறக்கம் நினைவைப் பலப்படுத்துவதை உறுதி செய்தன. உறக்கத்தை வெட்டிப் படிப்பது, வளரும் பட்டையை வெட்டிப் பால் எடுப்பதற்கு ஒப்பாகும்.

நோய் அறிந்து மருந்து

ஆகவே, "நேரமா, தெம்பா?" என்னும் வினாவுக்கு எல்லோர்க்கும் பொதுவான ஒரே விடை கிடையாது. இந்த மனிதருக்கு, இந்த வேளையில், எது முதலிற் குறைகிறது என்று கேட்பதே அறிவுடைமை. இரத்தசோகையுற்றவருக்கு நேர அட்டவணை எழுதிக் கொடுத்து என்ன பயன்? உறங்கவே நேரமில்லாத தாய்க்குச் சத்து மாத்திரையை மட்டும் கொடுத்து என்ன பயன்? முன்னவருக்கு வேண்டியது குருதி. பின்னவருக்கு வேண்டியது இன்னொரு சோடிக் கைகள்.

தெம்பு குறைந்த வீட்டில் செய்யத்தக்கவை சில உள. ஓயாத களைப்பு, மேடேறுகையில் மூச்சிரைப்பு, வெளிறிய கண்ணிமை ஆகியவை தெரிந்தால் வைத்தியரை அணுகி இரத்தத்தைச் சோதிப்பிக்க வேண்டும். புழு மருந்தை அவர் சொன்னபடி உட்கொள்ள வேண்டும். பருப்பு, பயறு, கீரை, நெத்தலிக் கருவாடு, முட்டை ஆகியன வெறும் ரொட்டிக்குத் துணை சேரவேண்டும். தேசிக்காய், கொய்யா, நெல்லிக்காய் போன்ற புளிப்புப் பண்டங்கள் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்க உதவும். இதற்கு மாறாக, நாம் விரும்பிப் பருகும் தேநீர் உணவோடு சேர்ந்தால் அந்த இரும்பை உடல் ஏற்காதபடி தடுக்கும். தேயிலை பறிக்கும் கைகளே இதனால் நட்டமடைவது விந்தையன்றோ? தேநீரை விட்டுவிட வேண்டியதில்லை. உணவுக்குப் பின் ஒரு மணித்தியாலமேனும் கழித்துப் பருகினால் போதும்.

நேரம் குறைந்த வீட்டுக்கு மருந்து வேறு. லயத்தின் அருகே வரும் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தாய்க்கு நாளொன்றில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தரக்கூடும். ஒழுங்காக நடக்கும் பிள்ளைக் காம்பரா அவள் மனக்கவலையைக் குறைக்கும். இவை நிருவாகத்தாரும் அரசாங்கமும் செய்ய வேண்டியவை. அவற்றைக் கேட்டுப் பெறுவது தொழிலாளரின் உரிமை. ஆனால் எவரிடமும் மனுக்கொடாமல் இன்றே செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. விறகைத் தகப்பன் கொண்டுவரலாம். தண்ணீரை மகன் எடுக்கலாம். அண்ணனும் தங்கையும் பாத்திரங்களைப் பகிர்ந்து கழுவலாம். சமைத்தவள் கடைசியாக மிஞ்சியதை உண்ணும் வழக்கத்தை ஒழித்து, எல்லோரும் ஒருங்கே அமர்ந்து உண்ணலாம்.

இனி நம் வீட்டில் ஒருவர் "தெம்பில்லை" என்று சொன்னால், அதை நகைப்புக்கோ கண்டிப்புக்கோ உரிய சொல்லாகக் கொள்ளாதிருப்போமாக. உண்டாரா, உறங்கினாரா, இரத்தம் குறைந்ததா, சுமை மிகுந்ததா என்று முதலில் விசாரிப்போம். ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விட வேண்டும் என்பதை இறப்பர் மரத்தினிடம் கற்றுக்கொண்டவர்கள் நாம். அந்தப் பாடத்தை அம்மரத்தடியில் நிற்கும் மனிதருக்கும், நம் வீட்டு அடுப்படியில் நிற்கும் தாய்க்கும் பொருத்திப் பார்ப்பது பெரிய காரியமன்று. ஆனால் அதனால் விளையும் நன்மை பெரிது.